இறகும் முள்ளும்

தூண்டில் என்றவுடன் பலருக்கும் மண்புழுதான் நினைவுக்கு வரும். முள்ளில் புழுவைக் கோத்து, நீரில் எறிந்து, மிதவை அசையும்வரை கரையில் காத்திருப்பதே பெரும்பாலோர் அறிந்த மீன்பிடிப்பு. ஆனால், புழுவே இல்லாமல் இறகையும் நூலையும் மட்டுமே கொண்டு மீன்பிடிக்கும் கலை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் இதைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். மாசிடோனிய நாட்டு மக்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, அதன்மேல் சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டி, ஆற்று மீன்களை ஏமாற்றிப் பிடித்தனர் என்பது அவர் தரும் செய்தி. அந்த இறகுக் கட்டு, நீர்மேல் பறக்கும் ஒரு பூச்சியைப் போலத் தோன்றியது. அதனால் இக்கலையில் பயன்படும் இரையைப் போலிப்பூச்சி எனலாம்.

இக்கலை பெரிதும் வளர்ந்தது டிரவுட் என்னும் மீனை நம்பித்தான். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். குளிர்ந்த நீரில் உயிர்வளி அதிகம் கரைந்திருக்கும். டிரவுட்டுக்கு அது மிகுதியாகத் தேவை. ஆகவே, தெளிந்து விரைந்து ஓடும் மலையாறுகளே அதற்கு ஏற்ற இடம். மலேசியச் சமவெளி ஆறுகளின் வெதுவெதுப்பான நீரில் அதனால் உயிர்வாழ இயலாது. டிரவுட்டின் உணவில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகள். நீரோட்டத்தை எதிர்நோக்கி ஒரு பாறையின் மறைவில் நின்றுகொண்டு, மிதந்து வருவதைப் பார்த்துப் பார்த்து உண்ணும்.

இளவேனில் காலத்தில்தான் அதற்குப் பெருவிருந்து. ஐரோப்பாவில் பனி விலகி ஆற்று நீர் மெல்லச் சூடேறும் ஏப்ரல், மே மாதங்களில், ஆற்றின் அடியில் மறைந்திருந்த பூச்சிகள் ஆயிரக்கணக்கில் மேலெழுகின்றன. இவற்றுள் முதன்மையானது, ஆங்கிலேயர் மே மாதத்தின் பெயரால் அழைக்கும் பூச்சி. அதன் வாழ்வு வியப்பானது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சி, கற்களுக்கு அடியில் பல மாதங்கள், சில வகைகளில் இரண்டு ஆண்டுகள்கூட, நீருக்குள்ளேயே வளரும், பலமுறை தோலுரிக்கும். பிறகு ஒரு நாள் நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, தோலைக் கிழித்துக்கொண்டு இறக்கையோடு வெளிப்படும். இறக்கை விரிந்து பறக்கத் தயாராகும்வரை சில நொடிகள் நீர்மேல் ஓடம்போல் மிதக்கும். பறந்து சென்று கரையோரச் செடியில் அமர்ந்து இன்னொரு முறையும் தோலுரிக்கும். இறக்கை முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணப் பயன்படும் வாய் இல்லை. இணை சேர்ந்து, நீரில் முட்டையிட்டு, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் இறக்கை விரித்தபடி நீரில் விழுந்து மடிந்துவிடும்.

மழை ஓய்ந்த இரவில் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. ஈசல் மண்ணிலிருந்து எழுகிறது. இப்பூச்சியோ ஆற்றிலிருந்து எழுகிறது. இரண்டுக்கும் காத்திருக்கும் வாய்கள் பல. பூச்சி எழும் அந்தச் சிறுபொழுதில் டிரவுட் தன் எச்சரிக்கையைத் தளர்த்துகிறது. நீர்ப்பரப்பில் வட்ட வட்டமாக அலைகள் தோன்றித் தோன்றி மறையும். தூண்டில்காரர் காத்திருப்பது அந்த வட்டங்களுக்காகத்தான்.

எனினும், எந்தப் போலிப்பூச்சியையும் வீசி மீனைப் பிடித்துவிட முடியாது. மேலே வரும் இளம்பூச்சியை மீன் உண்கிறதா, மிதக்கும் பூச்சியை உண்கிறதா, மடிந்து விழுந்த பூச்சியை உண்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்கேற்ற அளவிலும் நிறத்திலும் போலிப்பூச்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீசும் முறையும் வேறு. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை கயிற்றை இழுத்துச் செல்லும். இங்கே இறகுப் பூச்சிக்கு எடையே இல்லை. எடை கயிற்றில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் அசைத்துக் கனமான கயிற்றைக் காற்றில் நீட்டினால், அதன் முனையிலுள்ள மெல்லிய நரம்பும் பூச்சியும் பின்தொடர்ந்து சென்று நீர்மேல் மெதுவாக இறங்கும். இறங்கிய பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். கயிறு சற்று இழுத்தாலும் மீன் ஐயம் கொண்டு விலகிவிடும்.

இத்தகைய குளிர்நாட்டுக் கலையைச் சுங்கை வேயில் ஒரு தாத்தா செய்துவருகிறார் என்றால் நம்பச் சற்றுக் கடினமாகவே இருக்கும். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் சூழ்ந்திருந்த பகுதி அது. 1970களின் தொடக்கத்தில் அங்குச் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டப்புறங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை தேடி வந்தனர். அப்படி வந்தவர்களுள் ஒருவர்தாம் இந்தத் தாத்தா. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிறு தகடுகளில் இணைக்கும் பிரிவில் பணியாற்றினார். ஓய்வு பெற்றபோது அவருடைய கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்த மீன்பிடி நூல் அக்கைகளுக்குப் புதிய வேலையைத் தந்தது.

அவருடைய மேசையில் சிறிய இடுக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதில் தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்து, அதன்மேல் நூலைச் சுற்றத் தொடங்குவார். சேவல் இறகு சந்தையில் கோழி விற்பவரிடம் கிடைக்கும். பட்டு நூலைப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ தையல் பொருள்கள் விற்கும் கடைகளில் வாங்குவார். மயிலிறகின் இழைகள் போலிப்பூச்சிக்கு மிகச் சிறந்தவை. நீரில் நனைந்தால் பச்சையும் செம்பும் கலந்து பூச்சியின் உடலைப் போலவே மின்னும். தைப்பூசம் முடிந்து பத்துமலையிலிருந்து திரும்பும்போது, காவடியிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மயிலிறகுகளை எடுத்துவந்து பத்திரப்படுத்துவார்.

டிரவுட் இல்லாத நாட்டில் இப்பூச்சிகளை எந்த மீனுக்கு வீசுவது? அதற்கும் விடை உண்டு. சிலாங்கூரின் வடக்கே, கோலகுபு பாருவைத் தாண்டிப் பிரேசர் மலைக்கு ஏறும் வழியில் தெளிந்த மலையோடைகள் பல ஓடுகின்றன. தெங்காஸ், செபராவ், கெலா ஆகிய நாட்டு மீன்கள் அத்தகைய நீரில் வாழ்பவை. அங்குள்ள சுங்கை சிலிங், மீன்களுக்கான பாதுகாப்பிடம். அதில் மீன்பிடிக்கக் கூடாது. தாத்தா அந்த எல்லைக்கு வெளியே, அனுமதியுள்ள ஓடைகளுக்கே செல்வார். அங்கு இளவேனிலும் இல்லை, பனியும் இல்லை. ஆனால், அந்தி மயங்கும் வேளையில் நீர்ப்பூச்சிகள் எழுவதுண்டு. தெங்காஸ் மீன் அவற்றை உண்ண மேலே வருவதும் உண்டு. பிடித்த மீனை அவர் ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. முள்ளை அகற்றி ஓடையிலேயே விட்டுவிடுவார்.

டிரவுட் மீனை அவர் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பயணத்தின்போது நீலகிரியின் அவலாஞ்சியிலுள்ள அரசு மீன்பண்ணைக்குச் சென்றிருந்தார். 1907ஆம் ஆண்டில் எச். சி. வில்சன் என்பவர் அமைத்த பண்ணை அது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்றிருந்தார். காஷ்மீரில் 1900ஆம் ஆண்டில் அம்முயற்சி கைகூடியது. இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலும், கேரளத்தின் மூணாற்றிலும் டிரவுட் விடப்பட்டது. ஆங்கிலேயர் தாம் சென்ற குளிர்மலைகளில் எல்லாம் தம் ஊர் ஆற்றையும் உடன் கொண்டுசெல்ல விரும்பினர்.

அந்த விருப்பத்திற்காக அவர்கள் எடுத்துக்கொண்ட கவனம் வியக்கத்தக்கது. 1864ஆம் ஆண்டில் நார்ஃபோக் என்னும் கப்பலில், பாசியால் பொதியப்பட்ட மீன்முட்டைகள் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டு, பனிக்கட்டிகளுக்குக் கீழே வைக்கப்பட்டு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவுக்கு மூன்று மாதப் பயணமாகக் கொண்டுசெல்லப்பட்டன. இச்செய்தியைப் படித்த அன்று தாத்தா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மீன்முட்டைக்குப் பனிக்கட்டிப் பெட்டி, நம் பாட்டன் பூட்டனுக்குக் கப்பலின் திறந்த மேல்தளம்," என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய பேத்தி. படிவம் நான்கில் பயில்பவள். உயிரியலில் ஆர்வம் உள்ளவள். தாத்தாவின் போலிப்பூச்சிகளைச் சிறுவயதிலிருந்தே ரசித்தவள். ஆனால், ஒரு சனிக்கிழமை மாலையில் அவள் கேட்ட கேள்விக்குத் தாத்தாவிடம் உடனடியாகப் பதில் இல்லை.

"தாத்தா, நீங்கள் மீனைத் தின்னப் போவதில்லை. விற்கப் போவதும் இல்லை. பிறகு எதற்காகப் பிடிக்கிறீர்கள்? அதற்கு வலிக்காதா?"

"மீனுக்கு அவ்வளவாக வலி தெரியாது அம்மா. அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்."

"எல்லாரும் என்றால் யார்? தூண்டில் போடுபவர்கள்தாமே?"

அவள் வெறும் வாதத்திற்காகக் கேட்கவில்லை. பள்ளிப் பணித்திட்டத்திற்காகத் தேடியபோது ஓர் ஆய்வைப் படித்திருந்தாள். 2003ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெட்டன் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் வானவில் டிரவுட் மீன்களை ஆராய்ந்தனர். அம்மீன்களின் தலைப்பகுதியில், தீங்கு விளைவிக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். உதட்டில் எரிச்சலூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் வழக்கம்போல் உண்ணவில்லை. அவற்றுள் சில தம் உதட்டைத் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கற்களில் தேய்த்துக்கொண்டன. மனிதர் உணர்வதைப் போலவே மீனும் வலியை உணர்கிறதா என்பது குறித்து அறிவியலாளரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், மீனுக்கு ஒன்றும் தெரியாது என்று எளிதாகச் சொல்லிவிட இனி முடியாது.

பேத்தி இன்னொன்றையும் சொன்னாள். "டிரவுட்டைக் கொண்டுபோய் விட்ட இடங்களில், அங்கு முன்பே இருந்த மீன்கள் என்ன ஆயின என்று தெரியுமா தாத்தா? ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சின்னஞ்சிறு நாட்டு மீன்கள் பல ஓடைகளில் குறைந்துவிட்டன. உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் டிரவுட்டும் இருக்கிறது."

"மீனைக் குறை சொல்லி என்ன பயன்? அது தானாகவா வந்தது?" என்றார் தாத்தா.

"அதைத்தான் நானும் சொல்கிறேன். நம் ஊர் ஆற்றில் பண்டாராயா மீன் பெருகியதும் அப்படித்தான். கண்ணாடித் தொட்டியை மெழுகிக்கொண்டிருந்த மீனை யாரோ ஆற்றில் கொட்டினார்கள்."

தாத்தா மறுக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்பது அவருக்குத் தெரியும். ஆனால், தெரிந்துகொள்வது ஒன்று. விரும்பிய ஒன்றை விடுவது வேறொன்று. கயிறு திடீரென்று விறைக்கும் அந்த நொடி, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் கையோடு பேசும் அந்தத் துடிப்பு, முதுமையில் அவருக்குக் கிடைத்த பெருமகிழ்ச்சி. மனைவி மறைந்தபின் வந்த நீண்ட மாலைப்பொழுதுகளைக் கடக்க அவருக்கு உதவியது அதுதான். அதை ஒரு சிறுமியின் கேள்விக்காக விட்டுவிட வேண்டுமா என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அந்த மாதம் முழுவதும் அவர் ஓடைப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாதம் அவரே பேத்தியை அழைத்தார். "நீ தூண்டில் போட வேண்டாம். ஓடையை மட்டும் வந்து பார்," என்றார்.

காலையில் ஓடைக்குச் சென்றதும் அவர் கோலை எடுக்கவில்லை. கணுக்கால் ஆழ நீரில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். கல்லின் அடியில் தட்டையான சிறு பூச்சிகள் விரைந்து நகர்ந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் மெல்லிய மூன்று இழைகள். அவைதாம் மே மாதப் பூச்சிகளின் இளம்பருவம். இன்னொரு கல்லில், மணல்துகள்களை ஒட்டித் தனக்குத் தானே கூடு கட்டிக்கொண்ட புழு ஒன்று இருந்தது. பேத்தி வெள்ளை நெகிழித் தட்டில் நீரை மொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினாள். தான் பாடநூலில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இப்பூச்சிகள் தூய்மைக்கேட்டைத் தாங்காதவை. ஆகவே, இவை வாழும் நீர் தூய்மையானது என்று அறிவியலாளர் முடிவு செய்கின்றனர்.

மறுநாள் அவள் அதே தட்டை எடுத்துக்கொண்டு சுங்கை வேயில் தங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயோரம் சென்றாள். கான்கிரீட் சுவர்களுக்கிடையே சாம்பல் நிற நீர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் வந்தவை சில சிவப்புப் புழுக்கள் மட்டுமே. உயிர்வளி குறைந்த நீரிலும் வாழ உதவும் பொருள் அவற்றின் உடலில் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஓடையில் எண்ணியபோது ஒரு தட்டில் ஐந்து வகை உயிர்கள். இங்கே ஒன்றே ஒன்று.

தாத்தா அந்தத் தட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேலைக்கு வந்த புதிதில் இந்தப் பக்கம் மழைக்காலத்தில் பையன்கள் மீன் பிடிப்பார்கள். முள் குத்தி எந்த மீன் வலித்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகு மீனே இல்லாமல் போனபோதும் யாரும் கேட்கவில்லை," என்றார்.

"அதற்காக முள் வலிக்காது என்று ஆகிவிடுமா தாத்தா?"

"ஆகாதுதான்," என்றார் அவர்.

அன்று இரவு அவர் தம் போலிப்பூச்சிப் பெட்டியைத் திறந்தார். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொடுக்குதான் மீனின் வாயைக் கிழிப்பது. முள்ளை எளிதில் கழற்ற விடாததும் அதுவே. ஒவ்வொரு முள்ளிலும் அந்தக் கொடுக்கைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார். இனி மீனைக் கரைக்கு இழுத்துப் போட்டுப் படம் எடுப்பதில்லை, நீருக்குள் வைத்தே விடுவிப்பது என்று முடிவு செய்தார். வெயில் ஏறி நீர் சூடாகும் நண்பகலில் களைத்த மீன் மீள்வது கடினம் என்பதால், அப்பொழுதில் தூண்டில் போடுவதில்லை என்றும் முடிவு செய்தார்.

பிறகு சற்றுத் தயங்கி, புதிதாகக் கட்டிய பத்துப் பூச்சிகளை எடுத்தார். அவற்றின் முள்ளை வளைவோடு முழுவதுமாக வெட்டினார். எஞ்சியவை இறகும் நூலும் மட்டுமே. அதை வீசினால் மீன் வரும், கவ்வும், ஏமாற்றம் தெரிந்ததும் உமிழ்ந்துவிட்டுப் போகும். நீரை வாசித்து, பூச்சியை அறிந்து, சரியான இடத்தில் சரியாக வீசினோமா என்பதற்கு அந்த ஒரு கவ்வலே விடை. ஆனால், கயிறு விறைக்காது. கையில் துடிப்பு இராது.

இப்போது இருவரும் மாதம் ஒருமுறை ஓடைக்குச் செல்கின்றனர். பேத்தியிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. நாள், நேரம், நீரின் வெப்பநிலை, கல்லுக்கு அடியில் கண்ட பூச்சிகளின் வகை, அந்தியில் எழுந்த பூச்சிகளின் நிறம் ஆகியவற்றை அதில் எழுதுகிறாள். அதன் கடைசிப் பக்கங்கள் வீட்டுக்குப் பின்னுள்ள கால்வாய்க்காக ஒதுக்கப்பட்டவை. அங்கே இதுவரை சிவப்புப் புழுக்கள் மட்டுமே பதிவாகியுள்ளன. இருந்தும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. எந்தப் பூச்சி எழுகிறது என்று அவள் சொல்ல, அதற்கேற்ற இறகைத் தாத்தா தேர்ந்தெடுக்கிறார்.

அவருடைய பையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் முள் வெட்டப்பட்ட பூச்சிகள். மற்றொன்றில் கொடுக்கு நசுக்கப்பட்டாலும் முள் உள்ள பூச்சிகள். பெரும்பாலான நாள்களில் அவர் முதல் பெட்டியைத்தான் திறக்கிறார். சில நாள்களில், பெரிய தெங்காஸ் ஒன்று பாறையோரம் எழுந்து வட்டமிடும்போது, அவருடைய கை இரண்டாவது பெட்டியின்மேல் சென்று நிற்கும். பேத்தி அதைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதைத் தாத்தாவே ஒவ்வொரு முறையும் முடிவு செய்துகொள்கிறார்.